வெற்றுக் குப்பி

காலாப்பட்டிலிருந்து கடலூர்,
கடலூரில் பஸ் மாறி வடலூர்.
அணையா அடுப்பிருக்கும் ஊரில் ஒரு டீ.
மடியில் தெர்மாக்கோல் பெட்டி.
"ஐஸ் மீனா?" என்றார் கண்டக்டர்.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நெய்வேலியில் இரவு பதினொன்றேகால்.
சுரங்கத்தின் கரையில் எழுபத்து மூன்றாம் நம்பர் பம்பு.
குழாய் வாயில் அப்பளம் அளவு வெள்ளை வடிகட்டியை மாட்டிவிட்டு
உட்கார்ந்திருந்தேன்.
நானூறு லிட்டர் இதன் வழியே போகவேண்டும்.
நாலு மணி நேரம்.

தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது,
காய்ச்சல்காரன் நெற்றிபோல.
பழுப்பு நிலக்கரிக்கும் கீழே
மண்ணின் பாரத்தை முதுகால் முட்டிக்கொண்டு கிடந்த தண்ணீர்.
கடைசியாக இது வெயிலைப் பார்த்த நாளில்
இந்த ஊருக்குப் பெயர் இல்லை,
பெயர் வைக்க ஆளும் இல்லை.

வியாழனின் நிலவொன்றில்
பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருக்கிறதாம்.
அந்த இருட்டில் ஏதாவது எதையாவது தின்று
பிழைத்துக் கிடக்குமா என்று கேட்க
ராக்கெட் வேண்டும், இருபது வருஷம் வேண்டும்.
எனக்கு வாய்த்தது இந்தக் குழாய்.

ஆபரேட்டர் கலியபெருமாள்
டிபன் மூடியில் எலுமிச்சை சாதம் நீட்டினார்.
கையுறையைக் காட்டி, வேண்டாம் என்றேன்.
"என்ன தேடுறீங்க?"
"உயிர்."
"மீனா?"
"மீனில்லை. கண்ணுக்குத் தெரியாதது.
கல்லைத் தின்னும், இரும்பை வைத்து மூச்சு விடும்."
"வெளிச்சமே இல்லாமயா?"
"வெளிச்சமே இல்லாமல்."
ஒரு கவளம் தின்னும் நேரம் யோசித்தார்.
"நானும் பதினெட்டு வருஷமா நைட் ஷிப்ட்தான்."

வேலிக்கு அப்பால் முந்திரித் தோப்பு.
சாயங்காலம் அங்கே அஞ்சலாட்சி மறித்திருந்தாள்.
"எங்க கெணத்துல அறுபதடியில தண்ணி கெடந்துது.
இப்ப அறநூறு போட்டாலும் புழுதிதான் பறக்குது.
நீங்க ராவும் பகலும் எறைக்கிறீங்க.
அதையும் எழுதிக்க."
நான் இறைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்து
எழுதிக்கொண்டேன்.
வெப்பநிலைக்கு ஒரு கட்டம், அமிலத்தன்மைக்கு ஒரு கட்டம்.
இதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன், சாய்வாக.

ஒன்பதாம் நாள் ஆய்வகத்தில் விளக்கை அணைத்து
நுண்நோக்கியில் குனிந்தேன்.
கரிய வட்டத்தில் நீலப் புள்ளிகள்.
எண்ணினேன். பதினொன்று.
மறுபடி எண்ணினேன். பதினொன்று.
காலடியில் தரை இல்லாததுபோல் இருந்தது.

பிறகு வெற்றுக் குப்பி.
அதில் கொதிக்கவைத்த சுத்த நீர்தான்.
கூடவே பஸ்ஸில் வந்து
பம்படியில் ஒருமுறை திறந்து
எதையும் வாங்காமல் மூடிக்கொண்டது.
என்னைப் பிடிப்பதற்கென்றே நான் வைத்த பொறி.
அதிலும் புள்ளிகள். ஒன்பது.
என் தோலா, மூச்சா,
எலுமிச்சை சாதத்தின் ஆவியா.

"கழி," என்றார் மேடம், நிமிராமல்.
பதினொன்றில் ஒன்பது போக இரண்டு.
பிழை, கூட்டல் கழித்தல் மூன்று.
அப்படியென்றால் ஐந்தாகவும் இருக்கலாம்.
பூஜ்யமாகவும் இருக்கலாம்.
மைனஸ் ஒன்றாகவும் இருக்கலாம்,
அஞ்சலாட்சியின் கிணறு மாதிரி.
அறிக்கையில் எழுதினேன்:
தீர்மானிக்க இயலவில்லை.

ராத்திரி போன் வந்தது.
காணாமல்போன ஆளைக் கேட்பதுபோல் கேட்டார்.
"இருக்கா, இல்லியா?"
"ரெண்டு இருக்கலாம் அண்ணா. இல்லாமலும் இருக்கலாம்."
"ஆணா பொண்ணா?"
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
அவருக்குப் பின்னால் பம்பு ஓடிக்கொண்டிருந்தது.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்த நடைக்குப் பட்டியல் போடுகிறேன்.
வெற்றுக் குப்பி, மூன்று.
கையுறை, இரட்டை அடுக்கு.
வடிகட்டி, முகமூடி, ஐஸ்.
அஞ்சலாட்சி வீட்டுக் கிணறு:
கயிறு, நூறு அடி.
புழுதி அள்ள ஒரு குப்பி.
எலுமிச்சை சாதம்,
எல்லாம் மூடி முத்திரை வைத்த பிறகு.